சாக்ஸில் செருகிய கத்தி

சிப்பாய்மேட்டில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனவர் என்பதால் அங்கே துப்பாக்கியைப் பற்றியோ கத்தியைப் பற்றியோ யாரும் வாய் பிளந்து பேசமாட்டார்கள். ஆனால் ரிட்டையர்டு ஹவில்தார் துளசிங்கம் தன் கட்டம் போட்ட பாவாடையைக் கட்டி, இடது கால் சாக்ஸில் பட்டாளத்துக் கத்தியைச் செருகிக்கொண்டால், அவர் அதை எடுக்கிறவரைக்கும் ஊர் எல்லைக்குள் எந்தக் கத்தியும் எதையும் வெட்டாது என்பதை மட்டும், வாழ வருகிற மருமகள்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்லிவிட்டு அடுத்தபடியாக இதைச் சொல்வார்கள்.

அது பாவாடை இல்லை, கில்ட் என்று துளசிங்கம் திருத்துவார். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்ட அந்தத் துணியைப் பின்பக்கம் மடிப்பு மடிப்பாக நீவிவிட்டுக்கொண்டு நிற்பார். அவர் பட்டாளத்து பேண்டில் பைப் வாசித்தவர். காற்றுப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதுகிற வாத்தியம் அது, ஊரில் அதற்குப் பை நாதஸ்வரம் என்று பெயர். பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்ததும் அவரைப்போலவே பேண்டில் இருந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கல்யாணங்களுக்கு வாசிக்க ஆரம்பித்தார். உடுப்பு எப்படி இருக்கவேண்டும் என்று பார்க்க, பேண்டு அறையில் தொங்கிய ஒரு வெள்ளைக்கார பேண்டு மாஸ்டரின் பழைய படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரதி எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் படத்தைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்துவிட்டார். அதனால் மாஸ்டரின் வலது கால் சாக்ஸுக்கு மேலே கைப்பிடி மட்டும் தெரிய இருந்த சின்னக் கத்தி, சிப்பாய்மேட்டுக்கு வரும்போது இடது காலுக்கு வந்துவிட்டது. அந்த மாதிரிச் சின்னக் கத்தி எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. துளசிங்கத்திடம் இருந்தது ஒரு சாண் நீளத்தில், கறுப்புப் பிடி போட்டு, தோல் உறையில் கிடந்த ராணுவக் கத்தி ஒன்றுதான். அதைச் செருகிக்கொண்டார்.

முதல் முதலாக ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க அவர் அதைச் செருகிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி பூங்காவனம் தன் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் மலையும் பனியுமாகக் காவல் காத்த பதினேழு வருஷமும் அந்தக் கடையை ஒற்றை ஆளாக நடத்தியவள் அவள். எலும்புக்கு ஒரு கத்தி, கறிக்கு ஒரு கத்தி என்று இரண்டே கத்தி வைத்துக்கொண்டு, ஆட்டுத் தொடையின் எலும்புப் பொருத்தை ஒரே போடில் பிரிக்கிற அவள் கையைப் பார்ப்பதற்காகவே டவுனிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் இருந்தார்கள். அன்றைக்குக் காலை எட்டே கால் மணிக்கு அவள் ஓங்கிப் போட்ட கத்தி கறியின்மேல் பட்டு, தடவிக்கொடுப்பதைப்போல வழுக்கிக்கொண்டு போனது. கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் வழுக்கியது. விரலை வைத்துப் பார்த்தாள், கூர் கூராகத்தான் இருந்தது, விரல் மட்டும் வெட்டுப்படவில்லை. எதிர்க்கடையில் சலூன் பரசுராமன் பாதி மீசை எடுத்த தபால்காரரை நாற்காலியில் விட்டுவிட்டுப் பிளேடோடு தெருவுக்கு வந்தார். டெய்லர் கத்தரிக்கோலோடு வந்தார். பூ கட்டுகிறவள் வாழைநாரும் அரிவாள்மனையுமாக வந்தாள். எல்லாரும் ஒருவர் கையிலிருப்பதை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெருக்கோடியில் பை நாதஸ்வரம் முழங்க, பாவாடை வீசி வீசி அடிக்க, வெள்ளைச் சாக்ஸில் கறுப்புப் பிடி மின்ன, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துளசிங்கம் நடந்து வந்தார்.

பூங்காவனத்துக்குக் கடையும் மறந்தது, காத்திருந்த ஆட்களும் மறந்தார்கள். இந்த மனுஷனையா இத்தனை வருஷம் கடுதாசியிலேயே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று மாலை துளசிங்கம் வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றக் குனிந்து கத்தியை எடுத்ததும், ஊர் முழுக்க எல்லா வீட்டுக் கத்தியும் அரிவாளும் பிளேடும் ஒரு சின்னச் சத்தம் போட்டன, எவர்சில்வர் டம்ளரில் நகம் பட்டால் வருகிற அளவுக்கு. அதற்கப்புறம் எல்லாம் வெட்டின. தபால்காரர் அந்தக் கல்யாணச் சாப்பாட்டைப் பாதி மீசையோடுதான் சாப்பிட்டிருந்தார்.

சிப்பாய்மேட்டார் காரணம் தேடி அலைகிற ஆட்கள் இல்லை. சோதித்துப் பார்க்கிற ஆட்கள். அடுத்த வாரமே துளசிங்கத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்திவைத்து, வேட்டியோடு கத்தியைச் செருகச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கில்ட்டை மட்டும் கட்டச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வேறு ஆளுக்குக் கில்ட்டைக் கட்டிப் பார்த்தார்கள், அவர் கூச்சத்தில் உட்கார்ந்துவிட்டார். துளசிங்கமும் கில்ட்டும் கத்தியும் ஒன்றாக இருந்தால்தான் நடக்கும் என்று முடிவானது. ஊசி குத்தும், கோடாலி பிளக்காது, பல் கடிக்கும், ரம்பம் அறுக்காது என்பதையும் குறித்துக்கொண்டார்கள். அதோடு விஷயம் முடிந்து, இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது என்கிற பேச்சு ஆரம்பமானது.

பேசி ஏற்பாடு ஒன்று செய்தார்கள். துளசிங்கம் சாக்ஸ் மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாசலில் நின்று நீளமாக ஒரே ஒரு ஊது ஊதவேண்டும். அதற்கு அரிஞ்சிக்கோ சத்தம் என்று பெயர் வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் வீடுகளில் வெங்காயமும் வாழைக்காயும் தடதடவென்று அரிபடும், சலூனில் வரிசை நகரும், பூங்காவனத்தின் கடையில் கறிக்கத்தி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போய்வரும். அதற்கப்புறம் வெட்டில்லாத நாள். கத்தரிக்காயை முழுசாகப் போட்டு எண்ணெயில் வதக்கினார்கள், அவரையைக் கையால் கிள்ளினார்கள், மாம்பழத்தைக் கடித்து முழங்கைவரை வழிய விட்டார்கள். நூலகத் திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி கத்தரிக்கோலை நாலு தரம் அழுத்திவிட்டு விழித்தபோது, பஞ்சாயத்துத் தலைவர் ரிப்பனின் முடிச்சை நிதானமாக அவிழ்த்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார். ஆடுகளுக்கும் எப்படியோ விவரம் தெரிந்துவிட்டது. பேண்டு நாளில் அவை கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, துளசிங்கத்தின் பாவாடையைச் சுற்றி நின்று, கறிக்கடைக்காரி பூங்காவனத்தை ஏறிட்டுப் பார்த்தன.

"இன்னா பார்வ பாக்குதுங்க பாருங்க. இவருக்கு நீ யாருன்னு என்னியே கேக்குதுங்க," என்று அவள் புருஷனிடம் சொல்வாள்.

முகூர்த்த நாட்கள் ஞாயிறாகவே வந்து தொலைப்பதில் அவளுக்குக் கடுப்பு இருந்தது. ஆனாலும் கில்ட்டின் மடிப்பு ஒவ்வொன்றையும் அவள்தான் இஸ்திரி போட்டாள். வேறு யார் கையையும் அதில் வைக்கவிடவில்லை.

ஒருமுறை ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த ரிட்டையர்டு கேப்டன் ஞானப்பிரகாசம், துளசிங்கத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு தப்பு இருக்கு துளசிங்கம். அது வலது கால்ல இருக்கணும். அப்புறம், அங்க வைக்கிறது அழகுக்குன்னு இருக்கிற சின்னக் கத்தி. நீ வெச்சிருக்கிறது சண்டைக் கத்தி. சண்டைக் கத்தியை அலங்காரத்துக்கு வெச்சா மரியாதை இல்ல."

துளசிங்கம் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "சண்டைக்கு அது போதும்னு ஆயிடுச்சி சார். இனிமே இது நகை."

கேப்டன் சொன்னதற்காக வலது காலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். சமையல்கட்டில் கத்திகள் வெட்டத் தொடங்கின. இடது காலுக்குக் கொண்டுவந்தார்கள், நின்றன. கேப்டன் தட்டிலிருந்த ஆப்பிளைத் தானே அறுக்க முயன்று பார்த்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்து, பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். ஆப்பிளை முழுசாகக் கடித்துத் தின்றுகொண்டே பஸ் ஏறினார்.

ஒரே ஓர் இடத்தில்தான் இந்த ஏற்பாடு செல்லாது. கல்யாண மண்டபத்தை ஒட்டி, ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம், டாக்டர் மெர்சியின் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அறுவை சிகிச்சைகளைப் பேண்டு இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வதற்கு டாக்டர் சம்மதித்தார். ஆனால் சொல்லாமல் வருகிற பிரசவத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். "நர்ஸம்மா வந்து சொன்னா, அது எந்த இடமா இருந்தாலும், எந்த நேரமா இருந்தாலும், நான் எடுத்துடறேன் டாக்டரம்மா. என்ன ஏதுன்னு கேக்கமாட்டேன்," என்று துளசிங்கம் வாக்குக் கொடுத்தார். பட்டாளத்தில் சண்டை வந்தால் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போகவேண்டும். அப்படி அவர் போன மலையில் அந்தக் கத்தி அறுத்ததெல்லாம் அடிபட்டவர்களின் பூட்ஸ் கயிறும், ரத்தத்தில் உடம்போடு ஒட்டிப்போன சட்டையும்தான். இதைப் பூங்காவனத்திடம் ஒரே ஒருதரம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே பாதியில் எழுந்து போய்விட்டார், அப்புறம் அவள் கேட்டதில்லை.

இப்படியே ஆறு வருஷம் போனது. அவர்களுடைய ஒரே மகள் சசிரேகாவுக்குக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை தினகரன் பக்கத்துத் தெருப் பையன், பெங்களூரில் வேலை. சின்ன வயசிலேயே அப்பனைத் தின்றவன் என்று ஊர் சொன்ன பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவனுடைய தாய்மாமன் கோதண்டம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அமுலுவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார், அவள் இப்போது நிறைமாதக் கர்ப்பிணி. இளையவளைத் தினகரனுக்கென்று பிறந்ததிலிருந்தே பேசிவைத்திருந்தார். பேசிவைத்ததைத் தினகரனிடம்தான் யாரும் பேசவில்லை. அவன் சசிரேகாவைத்தான் கட்டுவேன் என்று சொன்ன அன்றைக்குக் கோதண்டம் டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் சொன்னார்: "கட்டட்டும். கல்யாணத்தன்னிக்கி அவன் கழுத்துல மாலையும் இருக்காது, கழுத்தும் இருக்காது."

சொன்னதைச் செய்கிற ஆள் அவர். வாய்க்கால் தகராறில் ஒருவன் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டு நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது, உங்க ஊரில்தான் அன்றைக்குக் கத்தியே வெட்டாதே, அப்புறம் எதுக்குப் பந்தோபஸ்து என்று சிரித்தார்கள்.

"விடிகாலை நாலு மணிக்கே செருகிக்கிறேன்," என்றார் துளசிங்கம். "தாலி கட்டி, சாப்ட்டு, ரெண்டு பேரையும் பெங்களூர் பஸ்ல ஏத்திவுட்டு, பஸ் எல்லையத் தாண்டற வரைக்கும் எடுக்கமாட்டேன். அப்புறம் அவன் கோவம் ஆறட்டும்."

"அதுவரைக்கும் உங்க சாக்ஸையே பாத்துக்கினு இருப்பேன் நான்," என்றாள் பூங்காவனம். அவளுக்கு ராத்தூக்கம் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

கோதண்டமும் அதைத்தான் செய்தார். கல்யாணத்தன்று காலையில் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பியபோது, தோளில் துண்டைப் போட்டு, துண்டுக்குள் அரிவாளைப் போட்டு, பத்தடி தள்ளிக் கூடவே நடந்து வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, தடுக்கிற தேவையும் இல்லை. அரிவாள் அப்போது வெறும் இரும்பு. "எத்தினி நாழிதான் சாக்ஸ்ல வெச்சிக்கினு இருப்பான், பாக்கறேன்," என்று அவர் பக்கத்தில் வந்தவரிடம் சாதாரணமாகச் சொன்னார். மண்டபத்து வாசலில் ஊர்வலம் நின்று ஆரத்தி எடுக்கும்போது, எதிரே இருந்த கல்லில் போய் உட்கார்ந்து துளசிங்கத்தின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துளசிங்கம் அன்றைக்கு வாசித்ததுபோல என்றைக்கும் வாசித்ததில்லை. மகள் கல்யாணத்துச் சந்தோஷத்தை எல்லாம் அந்தப் பையில் அடைத்து, கன்னம் புடைக்க, கண்ணை மூடி ஊதினார். பின்பக்கச் சமையல் முற்றத்தில் பெரிய பெரிய பூசணிக்காய்கள் குவியலாகக் கிடந்தன. வண்டி தாமதமாக வந்ததால் அவற்றை முன்னாலேயே அரிய முடியவில்லை. பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைக்கலாமா என்று சமையல்காரர் பூங்காவனத்திடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான், மதிலோரக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஓடி வந்தாள். வாத்தியச் சத்தத்தில் அவள் பூங்காவனத்தின் காதில் வாயை வைத்துச் சொல்லவேண்டியிருந்தது.

"கோதண்டத்தோட மூத்த பொண்ணு அமுலு. கொழந்தைக்கு நாடித்துடிப்பு கொறையுது. உடனே வயித்தத் தெறந்து எடுக்கணும், எல்லை தாண்டிக் கொண்டுபோக நேரமில்ல. அண்ணனக் கத்திய எடுக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே ஓடிவிட்டாள். கேட்டது பூங்காவனம் ஒருத்திதான்.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள். அந்தப் பக்கம் கல்லின்மேல் கோதண்டம். இந்தப் பக்கம் மாலையும் கழுத்துமாக, ஆரத்திச் சிவப்பு நெற்றியில் வழிய, சிரித்துக்கொண்டு தினகரன். நடுவில் கண்ணை மூடி ஊதுகிற புருஷன். கேட்காததுபோல அஞ்சு நிமிஷம் நின்றுவிட்டால் போதும், அதற்கப்புறம் அவள் எதையும் செய்யவேண்டியிருக்காது. சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொன்னால் யார் இல்லையென்பார்கள். அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்தது. வந்தது என்று பிற்பாடு அவளே எல்லாரிடமும் சொன்னாள், அதை மறைக்கவில்லை. கோதண்டத்திடம் போய், அரிவாளைக் கீழே போடு, அப்போதுதான் எடுக்கச் சொல்வேன் என்று பேரம் பேசலாமா என்றும் நினைத்தாள். ஒரு பிள்ளை மூச்சுக்கு ஏங்கும்போது அதன் தாத்தாவோடு பேரம் பேசுவதா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மேலும் அவள் புருஷன் வாக்குக் கொடுத்திருந்தார், என்ன ஏதென்று கேட்கமாட்டேன் என்று.

பட்டுப்புடவையோடு தெருவில் மண்டிபோட்டு, வாசித்துக்கொண்டிருந்த துளசிங்கத்தின் இடது கால் சாக்ஸிலிருந்து கத்தியை உறையோடு உருவி எடுத்தாள்.

ஊர் முழுக்க அந்தச் சின்னச் சத்தம் எழுந்து அடங்கியது. அது எல்லாருக்கும் தெரிந்த சத்தம். துளசிங்கத்தின் வாத்தியம் கன்றுக்குட்டிபோல ஒரு முனகு முனகிவிட்டு ஓய்ந்தது. அவர் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, இரண்டடி எடுத்து வைத்து, பாவாடையும் சரிந்துபோன ஒரு சாக்ஸுமாக, வெறுங்கையோடு மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றார்.

கோதண்டம் எழுந்தார். துண்டு கீழே விழுந்தது. அரிவாளின் விளிம்பில் இப்போது வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. அவர் நேராக நடந்து வந்தார், பூங்காவனம் குறுக்கே போனாள். அவள் கையில் கத்தி இருந்தது, அதை உறையிலிருந்து உருவவில்லை.

"அண்ணே, அமுலுக்கு வயிறு அறுக்கணுமாம்," என்றாள். "கொழந்த மூச்சு கொறயுதாம். நர்ஸு வந்து சொல்லிட்டுப் போச்சு. அதான் எடுத்தேன். டாக்டரம்மா கத்தி இப்பதான் வெட்டும். உன் அருவாளும் இப்ப வெட்டும்."

கோதண்டத்தின் கால் நின்றுவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அப்புறம் ஓடினார். சமையல் முற்றத்தின் வழியாக ஓடி மதிலோரக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த ஆயா அவர் கையிலிருந்த அரிவாளைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது, அங்கயே இருங்க, கூப்புடுவாங்க," என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். அவர் கதவுக்கு இந்தப் பக்கம், பூசணிக்காய்களுக்கு நடுவில், போகவும் வழியில்லாமல் வரவும் மனமில்லாமல் நின்றார். அரிவாளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தார். கல்யாணக் கூட்டம் மொத்தமும் முற்றத்தின் ஓரத்தில் வந்து நின்று அவரைப் பார்த்தது.

பூங்காவனம் கறிக்கடைக்காரி. கத்தி பிடித்த கை வேலையில்லாமல் நின்றால் அதற்கு என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பூசணிக்காயை உருட்டிக்கொண்டுபோய் அவர் காலடியில் விட்டாள்.

"சும்மா கையில வெச்சிக்கினு நிக்காத அண்ணே. சாம்பாருக்கு ஆவுது. இத வெட்டு."

கோதண்டம் அவளைப் புரியாமல் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஓங்கிப் போட்டார், நடுக்கத்தில் அரிவாள் ஓரத்தில் பட்டுக் காய் உருண்டது. இன்னொரு தரம் போட்டார், அதுவும் உருண்டது. அப்போது துளசிங்கத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து தினகரன் விலகி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். மாலை மண்ணில் புரண்டது, அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். இரண்டு கையாலும் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டான்.

"ஆட்டம் காட்டுது மாமா. நான் கெட்டியா புடிச்சிக்கறேன். நீ போடு."

குனிந்திருந்த அவன் கழுத்து அரிவாளுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. பூங்காவனம் துளசிங்கத்தைப் பார்த்தாள். அவர் ஓர் அடி எடுத்து வைத்து, நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்த மனுஷனை அவள் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்திலும் அந்த நிமிஷத்தில்தான் அவரை அதிகமாக மதித்தாள்.

கோதண்டம் வெகுநேரம் அந்தக் கழுத்தையே பார்த்தார். அந்தக் கழுத்தில் சின்ன வயசில் அவர் கட்டிவிட்ட தாயத்தின் கறுப்புக் கயிறு, நிறம் போய், இன்னும் கிடந்தது. அரிவாளை ஓங்கினார். போட்டார். பூசணிக்காய் சரிபாதியாகப் பிளந்து, விதையும் மஞ்சளுமாகத் திறந்துகொண்டது.

"விரல எடுடா," என்றார். "கையில பட்டுடப்போவுது."

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. ஒன்றை முடித்தால் அடுத்தது, அதை முடித்தால் அதற்கடுத்தது. தினகரன் பிடித்துக் கொடுக்கக் கொடுக்க வெட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பூசணிக்காய் வெட்டினால் கண் எரியாது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சமையல்காரர் துண்டுகளை அள்ளி அள்ளி அண்டாவில் போட்டார். பதினொன்றாவது காய் பாதியில் இருக்கும்போது மதிலோரக் கதவு திறந்தது.

"பொண்ணு," என்றாள் நர்ஸ். "அழுதுடுச்சி. தாயும் நல்லா இருக்குது."

கோதண்டம் அரிவாளைக் காயிலேயே விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். துளசிங்கம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவாடை கட்டிக்கொண்டு உட்காருவதில் ஒரு சிரமம் உண்டு, அதைச் சமாளித்துத்தான் உட்கார்ந்தார். பூங்காவனம் கத்தியை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, சரிந்துபோன சாக்ஸைப் பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார், திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டார்.

"நீயே வெச்சிரு. இன்னிக்கி வாணாம்," என்றார்.

அந்த ஊரில் பேண்டு முழங்க, எல்லாக் கத்தியும் வெட்டிய கல்யாணம் அது ஒன்றுதான். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துப் போகவேண்டியது தாய்மாமன் என்பதால், அய்யர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தாய்மாமன் யார் என்று கேட்டார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. மண்ணில் புரண்ட மாலையை உதறி, கையில் ஒட்டியிருந்த பூசணி நாரை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கோதண்டம் அதைத் தினகரன் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டுக் கையை எடுக்காமல், மாலைக்குள் கிடந்த பழைய தாயத்துக் கயிற்றை வெளியே எடுத்து மேலாக விட்டார். மாலையும் இருந்தது, கழுத்தும் இருந்தது.

பந்தியில் கடைசியாக உட்கார்ந்த பூங்காவனத்தின் இலையில், கோணல்மாணலாக, ஒரு கைப்பிடி அளவுக்குப் பெரிய பூசணித் துண்டு விழுந்தது. வாழ்நாளெல்லாம் வெட்டு சரியில்லாத கறியைக் கையால் தொடாதவள் அவள். மடியில் கத்தியை வைத்துக்கொண்டு அதைப் பிட்டுச் சாப்பிட்டாள், இன்னும் ஒரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டாள்.